தனபாக்கியம் தூக்கிய கை

பெரம்பலூர் உழவர் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் வசந்தி. "மேடம், தனபாக்கியம் அக்கா போயிட்டாங்க" என்றார். எங்கே போய்விட்டார் என்றுதான் முதலில் கேட்டேன். அவர் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருப்பவர். நகராட்சி ஆபீஸ், மின்வாரியம், ரேஷன் கடை, யாராவது ஒருவருடைய பிள்ளைக்குச் சீட்டுக் கேட்டு ஒரு பள்ளிக்கூடம். வசந்தி, "காலையில நெஞ்சு வலிக்குதுன்னிருக்காங்க. அரியலூருக்குக் கார் வச்சிக் கொண்டு போனாங்களாம். போற வழியிலயே முடிஞ்சிட்டுது மேடம்" என்றார்.

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வெங்காயத்தைப் பையில் வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் தக்காளி என்ன விலை என்றுகூடக் கேட்டேன். கேட்டுவிட்டு, அவர் சொன்ன விலை காதில் விழாமலே நடந்தேன்.

அவருடைய இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்து போய் நின்றேன். ஒருவர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். "நகர்மன்ற உறுப்பினர் தனபாக்கியம் அம்மா அவர்கள்" என்று தொடங்கியதோடு சரி, மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தீர்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். துக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் என் வாயை அடைத்தது அது மட்டுமல்ல. நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொண்டது அதனால்தான். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லப் பார்க்கிறேன். அவரை அறிந்த உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிறிய ஊரில், கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு மாளிகை இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் தாத்தா கட்டியது. தேக்குத் தூண்களும் மரப் படிக்கட்டும் வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்களும் உள்ள வீடு. ஊரில் அதற்குப் 'பெரிய வூடு' என்றுதான் பெயர். அப்பா இறந்த பிறகு அங்கே யாரும் இல்லை. நான் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரோடு பெரம்பலூரிலேயே தங்கிவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பூட்டிக் கிடந்த வீட்டில் வௌவால் அடைந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஓர் இடம் ஒழுகியது. பழைய கட்டடங்களைப் படம் எடுக்கிறவர்கள் வருவார்கள், வியப்பார்கள், இதை இடித்துவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள், போய்விடுவார்கள்.

அந்த வீட்டை ஊருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நகராட்சிக்குத் தானமாக எழுதித் தருகிறேன் என்று மனுக் கொடுத்தேன். வீட்டை இடிக்கக் கூடாது, முகப்பில் என் அப்பாவின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். கொடுப்பதற்குத்தான் மனம் வேண்டும், வாங்கிக்கொள்ள என்ன யோசனை இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். நகராட்சி யோசித்தது. மாதக்கணக்கில் யோசித்தது. ஒழுகுகிற கூரையை யார் சரி செய்வது, காவலுக்கு யார் இருப்பது, இடித்துவிட்டுக் கடைகள் கட்டினால் வாடகையாவது வருமே என்றெல்லாம் பேச்சு நடந்தது. கடைசியில் நகர்மன்றக் கூட்டத்தில் வைத்தார்கள். தலைவர் மரியாதைக்காக என்னையும் வந்து உட்காரச் சொன்னார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்றுதான் தனபாக்கியத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தெற்குத் தெருவிலிருந்து சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். கட்டை குட்டையான உருவம், நெற்றியில் பெரிய பொட்டு. நாலைந்து பேர் என் குடும்பத்தின் பெருமையைப் பேசி முடித்த பிறகு அவர் எழுந்தார்.

"வூடு அழகா இருக்கு, இல்லன்னு நான் சொல்லல. இத நாம வாங்கிக்கிட்டா வெள்ளையடிக்கணும், ஓடு மாத்தணும், கரண்டு இழுக்கணும். அந்தக் காசு எங்கேருந்து வரும்? எங்க தெரு சாக்கடைக்குன்னு வச்சிருக்கிறதுதான் போவும். அது ஒண்ணு. இன்னொண்ணு, குடுக்குறவங்க முழுசா குடுக்கணும். பேரத் தன்கிட்ட வச்சிக்கிட்டு வூட்ட மட்டும் குடுத்தா, அது வூட்டக் குடுக்கறதில்ல. வூட்டப் பாத்துக்கற வேலைய நமக்குக் குடுக்கறது. எங்க ஆளுங்க அந்த வூட்டுல அந்த வேலையெல்லாம் செஞ்சி முடிச்சிட்டாங்க தலைவரே."

யாரோ சிரித்தார்கள். தலைவர் அவசரமாகத் தீர்மானத்தை ஒத்திவைத்தார். நான் முகம் எரிய வெளியே வந்தேன். வரும் வழியெல்லாம் காரில் என் கணவரிடம் அந்தப் பெண்மணியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை ஓட்டினார்.

யார் இந்த அம்மா என்று விசாரித்தேன். இளம்வயதில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவர். ஓட்டிலிருக்கிற பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். படம் எடுத்துக்கொள்வதில் அவருக்குக் கொள்ளை ஆசை. எந்த விழாவானாலும் தலைவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார், ஆனால் கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். வாய்த்துடுக்கு அதிகம். கூசாமல் பொய் சொல்வார் என்றும் சொன்னார்கள். ஒருமுறை அவர் தெருவில் குழாய் போடப் பள்ளம் தோண்டிவிட்டு, ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்திருக்கிறார். தனபாக்கியம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பள்ளத்துக்குள் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கலெக்டரு வராரு, அவரு வர்ற வரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். கலெக்டருக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது. ஆனால் வேலை முடிந்துவிட்டது.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தனபாக்கியம் நிற்கிறார். பஸ்ஸில் வந்திருக்கிறார். தோளில் ஒரு பை, கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"உள்ள வரலாங்களா மேடம்?"

எங்கள் ஊரில் அதுவரை என்னை மேடம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய வூட்டு அம்மா என்பார்கள். வயதானவர்கள் சின்னம்மா என்பார்கள். இவர் முதல் வார்த்தையிலேயே அதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். உட்காரச் சொன்னேன். காப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். உங்க வூட்டுல காப்பியக் குடிச்சிட்டு அப்புறம் உங்களுக்கு எதிரா நான் எப்படிக் கை தூக்குறது?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தை விடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் வந்த காரியம் எளிமையானது. "நான் அந்த வூட்டுக்குள்ள போனதே இல்ல. பாக்காத வூட்டப் பத்திப் பேசிட்டேன்னு நாளைக்கி ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாருங்க. ஒருக்கா தொறந்து காட்டுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் முன்கதவைத் திறந்துவிட்டுத் தாத்தா எங்கிருந்து தேக்கு வரவழைத்தார், கண்ணாடிகள் எப்படி உடையாமல் வந்து சேர்ந்தன என்று சொல்லிக்கொண்டே போனேன். வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அது பாடமாகியிருந்தது. அவர் எதையும் தொடவில்லை. "பாத்ரூம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். "கூடத்துல வெளிச்சம் நல்லா வருது" என்றார். மாடிக்கு வர மறுத்துவிட்டார். பின்கட்டைத் தாண்டிக் கொல்லைப்புறத்துக்குப் போய், இடிந்து கிடந்த மாட்டுக்கொட்டகையின் முன்னால் நின்றார்.

"இதான மேடம் கொட்டாய்?"

"ஆமாம்."

"எங்க அண்ணன் இங்கதான் பொறந்தான்" என்றார். "எனக்கு மூத்தவன். எங்கம்மா உங்க வூட்டுக் களத்துல நெல்லு தூத்திக்கிட்டு இருந்துச்சி. நெறமாசம். பகல்லயே மழை புடிச்சிக்கிச்சி, கூடவே வலியும் புடிச்சிக்கிச்சி. தெரு வரைக்கும் நடக்க முடியல. இங்க கொண்டாந்து படுக்க வச்சாங்க. மாடெல்லாம் ஓட்டி அந்தப் பக்கம் கட்டிட்டாங்களாம். அதையும் சொல்லணும்ல."

அவர் என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

"உங்க அப்பா வண்டி கட்டிக் குடுத்தாரு. ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கிட்டுப் போங்கன்னு அவரேதான் சொன்னாராம். எங்கம்மா சாவுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்துச்சி. நல்ல மனுசன்னு." இடிந்து கிடந்த சுவரைப் பார்த்தார். "மறுநாளுதான் கட்டிக் குடுத்தாரு. புள்ள அதுக்குள்ள போயிடுச்சி."

அவருடைய குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். நான் அவரைவிட எட்டு வயது மூத்தவள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மழை பெய்தபோது நான் இதே வீட்டு மாடியில், வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. நினைவில் இல்லாமல் போனதும் என்னை அறுக்கிறது.

திரும்பி முன்கூடத்துக்கு வந்தபோது அவர் சொன்னார்: "மேடம், இத ஆஸ்பத்திரியாக் கேப்போம். நகராட்சிக்கு சுகாதார நிலையம் ஒண்ணு சேங்ஷன் ஆவப் போவுதுன்னு சொல்றாங்க. எடம் இல்லாமத்தான் கெடக்கு. இந்தக் கூடத்துல புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க வந்து உக்காரட்டும். மருந்து மாத்திரை வாங்கிட்டுப் போவட்டும். நான் ஒத்துக்கறேன். நாலு பேரையும் ஒத்துக்க வக்கிறேன். பேரு மட்டும் வேணாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அப்பா நினைவாக எனக்கு வேறு எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கடுமையானவர் அல்ல. ஊருக்குப் பள்ளிக்கூடம் வர இடம் கொடுத்தவர். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரு மழைநாளில் செய்யத் தவறியதற்காக அவர் பெயரையே அழிப்பதா என்று வாதாடினேன். யாரும் அவர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. பிடிபட்டும் காட்டிக்கொள்ளவில்லையோ என்னவோ.

இரண்டு மாதம் கழித்து, தீர்மானம் மறுபடி வரப் போகிறது என்று தெரிந்ததும் அவர் போன் செய்தார்.

"மேடம், அந்தப் பேர வுட்டுருங்களேன்."

"அவர் என் அப்பாங்க."

போனில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரிங்க மேடம். எனக்கும் ஒரு அப்பா இருந்தாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் பருத்திப் புடவையில்தான் போனேன். உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பாதிப் பேர் அந்த வீடே வேண்டாம், செலவு இழுக்கும் என்றார்கள். பெரிய வூட்டு அம்மா இடிக்க விடமாட்டேன் என்கிறார், நமக்கு எதற்கு வம்பு என்றார்கள். மற்றவர்கள், சுகாதார நிலையத்துக்கு இடம் காட்டாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். நிபந்தனைகளோடு ஏற்பது என்ற தீர்மானத்தைப் படித்தார்கள். என் அப்பாவின் பெயர் அதில் முழுதாக இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். எண்ணிப் பார்த்தபோது ஒரு கை குறைந்தது. நான் தனபாக்கியத்தைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வழக்கம்போல முந்தானைக்குள் இருந்தது.

பிறகு அந்தக் கையை வெளியே எடுத்துத் தூக்கினார். கறுத்த விரல்கள். நகங்கள் சிறுத்துப் போயிருந்தன. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்போதும் எல்லாவற்றுக்கும் பேசுகிறவர்.

தீர்மானம் நிறைவேறியது. கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

மாடிப்படியில் அவரைத் தடுத்து நிறுத்தி நன்றி சொன்னேன். "நன்றியெல்லாம் வேணாம் மேடம்" என்றார். "போன வாரம் எங்க தெருப் பொண்ணு ஒண்ணு செக்கப்புக்குப் பஸ்ஸுல அரியலூர் போயிருக்கு. ஏழு மாசம். உக்கார எடமில்ல. வழியெல்லாம் நின்னுக்கிட்டே போயி மயங்கி வுழுந்துட்டுது. இதப் பாத்த பொறவு பேரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? நீங்க வுடமாட்டீங்க. யாராச்சும் ஒருத்தர் வுடணும்ல?" சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று எடுத்த குரூப் போட்டோவில் அவர் இல்லை. படத்தில் நிற்காமல் அவர் போன ஒரே நாள் அதுதான் என்று பிறகு வசந்தி சொன்னார்.

அதன் பிறகு அவர் தெருவில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கேள்விப்பட்டது இதுதான்: பெரிய வூட்டுக்காரியிடம் தனபாக்கியம் காசு வாங்கிக்கொண்டு கை தூக்கிவிட்டார் என்று பேசினார்கள். சாக்கடை வேலை இன்னும் ஓராண்டு தள்ளிப்போனது. குழாயடியில் பெண்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கூடப் பிறந்த தம்பி கலியமூர்த்தி, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுபவர், அக்காவோடு பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். தம்பி பிள்ளையின் காதுகுத்துக்குக்கூட அவரை அழைக்கவில்லை.

இது தெரிந்ததும் நான் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். நான் வந்து உங்கள் தெருவில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"ஐயையோ, வராதீங்க மேடம்! நீங்க வந்து இல்லன்னு சொன்னா அது ஆமான்னு ஆயிடும்" என்று சிரித்தார். "பேசுறவங்க பேசிட்டுப் போறாங்க. கூடத்துல ரெண்டு ஃபேன் ஓடல, அதுக்கு யார்கிட்டச் சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க."

அவரே வேண்டாம் என்றதால் நான் போகவில்லை. இத்தனை நாளும் அதைத்தான் எனக்கு நியாயமாக வைத்துக்கொண்டிருந்தேன். காசு வாங்கினார் என்ற பொய்தான் அவரைத் தன் தெருவிலிருந்து பிரித்தது, அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, அதனால் குற்றம் என்னுடையதல்ல என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. சுகாதார நிலையம் திறந்தது. என் அப்பாவின் பெயர் முகப்பில் கறுப்புக் கல்லில் ஏறியது. திறப்பு விழாவுக்குப் போனேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, ஒரு நாள் வந்து பாருங்கள் என்று தனபாக்கியம் பலமுறை கூப்பிட்டார். வருகிறேன், வருகிறேன் என்றேன்.

சாவுக்குப் போனேன். அவருடைய தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். அறுபத்தாறு வயதில், நான் பிறந்த ஊரில், கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெரு. தகர ஷெட் போட்ட வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பேச்சை நிறுத்தியிருந்ததாகக் கேள்விப்பட்ட பெண்கள்தான் அவர் தலைமாட்டில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி அக்காவின் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் மாலையோடு நின்றதைப் பார்த்து எழுந்தார். போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"வைங்க" என்றார். "அக்கா யாரையும் வராதன்னு சொன்னதில்ல."

மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். சற்று நேரம் கழித்து அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க அக்கா என்கிட்ட ஒரு பைசா வாங்கினதில்லைங்க. நீங்க எல்லாரும் அதை நம்பிட்டீங்க. நான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும்" என்றேன். எங்கோ ஓரிடத்தில் மன்னிப்பு கிடைத்துவிடும் என்ற ஆசை எனக்கு அப்போதும் இருந்திருக்கிறது.

கலியமூர்த்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"காசா? யாரு நம்புனா? வெளிய யாராச்சும் பேசியிருப்பாங்க. எங்க அக்காவ எங்களுக்குத் தெரியாதா?" என்றார். "எங்க கோவம் அது இல்லைங்க. அந்தப் பேருதான். புள்ளையப் பறிகொடுத்தது எங்கம்மா. அதே வாசல்ல உங்க அப்பா பேர எழுத எங்க வூட்டுக் கையே தூக்குச்சே. அத எங்களால தாங்க முடியல. ஆஸ்பத்திரிக்காகன்னு அக்கா சொல்லிச்சி. புத்திக்குப் புரியுது. மனசு கேக்கல. நான் பேசாமலே இருந்துட்டேன். அது அப்படியே போயிட்டுது." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பிடித்துக்கொண்டிருந்த நியாயம் அங்கே விழுந்தது. அக்காவையும் தம்பியையும் பிரித்தது ஊர்ப் பேச்சு அல்ல. நான் போனில் சொன்ன மூன்று வார்த்தை. அவர் அப்போது கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை, ஒரே ஒரு முறை கேட்டார். நான் மறுத்ததும் அந்தச் சுமையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சால்வை, அவருக்கு மூடிய கதவு. இரண்டும் அந்த ஒரு கையால் வந்தவை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், முகப்பிலிருந்து என் அப்பாவின் பெயரை எடுத்துவிடும்படி நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். தானப் பத்திரத்தில் இருக்கிற நிபந்தனை என்பதால் அதற்கும் நகர்மன்றத் தீர்மானம் வேண்டுமாம். அடுத்த கூட்டத்தில் வைப்பதாக ஆணையர் சொன்னார். இதைப் படிக்கிற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அதை ஒத்திவைக்காதீர்கள். தனபாக்கியத்தின் பெயரை அங்கே வைக்கலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அதைச் சொல்ல வேண்டியது அவர் தெருக்காரர்கள், நான் அல்ல. இந்த வீட்டுக்கு என்ன பெயர் என்று நான் சொன்னது போதும். இதனால் எதுவும் சரியாகிவிடும் என்றும் நினைக்கவில்லை. கேட்டபோது செய்யாததை, கேட்பதற்கு ஆள் இல்லாதபோது செய்கிறேன். என் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர், "அன்னைக்கே காரில் சொல்ல நினைச்சேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

மனுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அன்று செவ்வாய்க்கிழமை என்று உறைத்தது. நடந்தே போனேன். கூடம் நிறைய கர்ப்பிணிகள். ஃபேன்கள் எல்லாம் ஓடின. தாத்தாவின் தேக்குத் தூண்களில் சாய்ந்தபடி மாத்திரைப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தூணில் போலியோ சொட்டு மருந்துப் படம் ஒட்டியிருந்தது. பெஞ்சில் இடமில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். தா.பழூரில் வாழ்க்கைப்பட்டவளாம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"நீங்க யாருக்குப் பாக்க வந்திருக்கீங்க பெரியம்மா?"

"சும்மாதாம்மா. நான் இங்கதான் பொறந்தேன்."

அவள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இங்கயேவா? அப்பவே இங்க ஆஸ்பத்திரி இருந்திச்சா?"

"இல்லம்மா" என்றேன். "அப்ப இல்ல."

உள்ளேயிருந்து வசந்தி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் என் தோளைப் பிடித்து எழுந்து போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இறந்தவர்களிடமிருந்து ஏதாவது ஒன்றை நாம் வைத்துக்கொள்கிறோம். தனபாக்கியம் அம்மாவோடு நான் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. அவர் எனக்கு எழுதிய வரி ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு கூச்சம். அந்த முகப்பைக் கடக்கும்போதும், யாராவது என்னைப் பெரிய வூட்டு அம்மா என்று கூப்பிடும்போதும் உடம்பில் வந்து உட்கார்கிற கூச்சம். அறுபது வருடத்துக்கு மேல் அது எனக்கு இல்லாமலே வாழ்ந்திருக்கிறேன். அவரால்தான் வந்தது. அவரை அறிந்தவர்கள் நீங்கள். என்னைப் பார்க்கும்போது, அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம், நீங்கள் வீட்டையே கொடுத்தீர்களே என்று ஆறுதல் சொல்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவரிடமிருந்து எனக்கு இருப்பது இது ஒன்றுதான். அது குறையாமல் என்னிடமே இருக்கட்டும்.